கால்வாய் தாண்டிய அரிப்பு

மாவு மில் பால்வண்ணனுக்கு உள்ளங்கையில் அரித்தால் மில் தெருவிலிருந்த அத்தனை பேருக்கும் உள்ளங்கையில் அரித்தது, அவருக்கு முதுகில் அரித்தால் அத்தனை பேரும் தூணைத் தேடிப் போய் முதுகைத் தேய்த்தார்கள், ஆனால் இது இன்னாரிடமிருந்து வருகிறது என்று மருதங்கால் ஊர் கண்டுபிடிப்பதற்குள் ஆடி பாதி போய்விட்டது. அதற்குள் அவர்கள் மேல்நிலைத் தொட்டியைக் கழுவினார்கள், மெத்தைகளை மொட்டைமாடியில் போட்டு அடித்தார்கள், சோப்பை மாற்றினார்கள், பழைய சோப்பை விற்ற கடைக்காரனோடு சண்டை பிடித்தார்கள், கடைசியில் மில்லுக்கே வந்து, "மொளகா வத்தல் தூசிதாம்வே ஊரையே அரிக்க வைக்கி, மொதல்ல அந்த மெசினை நிறுத்தும்" என்று கூச்சல் போட்டார்கள். கூச்சல் போட்டவர்களும் கேட்டுக்கொண்டிருந்தவரும் ஒரேபோல இடது முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்ததை அப்போதும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. பால்வண்ணன் தங்கமான மனுஷர், மறு பேச்சு பேசாமல் வத்தல் மெசினை நிறுத்தினார். அரிப்பு நிற்கவில்லை.

கவனித்தது முப்புடாதி. கால்வாய்க்கு அந்தப் பக்கம் கீழக்கரையில் தையல் மெசின் வைத்திருந்தவள், ஒரு தூக்குவாளி பச்சரிசியோடு மில்லுக்கு வந்திருந்தாள். கீழக்கரையில் அன்றைக்கு ஒருத்தருக்கும் அரிப்பு கிடையாது, அவளுக்கும் கிடையாது, அரிக்காதவள் கண்ணுக்குத்தானே அரிக்கிறவர்கள் படுவார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனதையும், உள்ளே பால்வண்ணனின் கை அவர் பிடரியில் இருந்ததையும் பார்த்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏ மைனி, இங்க வந்து பாருங்க கூத்தை. அண்ணாச்சிக்கு எங்க அரிக்கோ அங்கல்லா எல்லாத்துக்கும் அரிக்கி!"

"போட்டி கிறுக்கி," என்றாள் பால்வண்ணனின் மனைவி ஆவுடையம்மாள், டின்னில் மாவைத் தட்டிக்கொண்டே, பிடரியைச் சொறிந்துகொண்டே.

சோதித்துப் பார்க்க அவரைக் காதைச் சொறியச் சொன்னார்கள். சொறிந்தார், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொய்ச் சொறிக்கு மவுசு இல்லை போல என்று முப்புடாதி சொல்லி முடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே குதிகாலில் ஊறல் எடுத்தது, பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் ஒன்றாகச் செருப்பைக் கழற்றினார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் முப்புடாதி இன்னொன்றையும் பார்த்தாள், பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "மைனி, அண்ணாச்சி கண்ணு என்ன மஞ்சக்கிழங்கு கணக்கா இருக்கு?"

மாவுத்தூள் அப்பிய முகத்தில் இத்தனை நாளாக அது தெரியாமல் போயிருந்தது. ஆவுடையம்மாள் முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள், துடைத்த இடமெல்லாம் மஞ்சள். மஞ்சள் என்றால் காமாலை, காமாலை என்றால் கீழாநெல்லி, இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது. ஊரே வரப்பு வரப்பாகப் போய்க் கீழாநெல்லி பிடுங்கிக்கொண்டு வந்தது, ஆவுடையம்மாள் அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள், உப்பைக் குறைத்தாள், எண்ணெயை நிறுத்தினாள். அவர் இளைத்ததுதான் மிச்சம். அரிப்பு மில் தெருவைத் தாண்டி வடக்குத் தெருவில் பாதி வரைக்கும் போயிருந்தது. அந்தக் கீழாநெல்லி நாட்களை நினைத்து அவள் பிற்பாடு தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசீலன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எல்லா டாக்டரும் செய்வதுபோல நோயாளியை உள்ளே படுக்கவைத்துவிட்டுப் பெண்டாட்டியை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அதன் ரப்பர் குழாயைப் பிடித்துக் காட்டினார்.

"இதுதான் பித்தக்குழாய்னு வச்சுக்கோங்கம்மா. ஈரல்ல இருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுவர்ற குழாய். இங்க அடைச்சிருக்கு. அடைச்சிருக்கிறது கல் இல்லை, கட்டி. கேன்சர் கட்டி."

ஆவுடையம்மாள் அந்த ரப்பர் குழாயையே பார்த்தாள். டாக்டர் நல்லவர், அவள் மூச்சு விடும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. குழாயின் சுவருக்குள்ளேயே இருந்தால் ஒரு கணக்கு, எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கு இறங்கும். பக்கத்தில் நெறிகட்டு மாதிரி இருக்கிற சின்ன முடிச்சுகளுக்குப் போயிருந்தால் அது இன்னொரு கணக்கு, ஒன்றிரண்டு முடிச்சு என்றால் பரவாயில்லை, நிறைய என்றால் கஷ்டம். வேறெங்காவது தாவிவிட்டால் கத்தி வைக்கவே கூடாது.

"முதல் கணக்கா இருந்தா அறுத்து எடுத்துடலாம். எடுத்தவங்கள்ல பத்துப் பேருக்கு நாலு பேர் அஞ்சு வருஷம் கழிச்சும் என்னைப் பார்க்க வர்றாங்க. தாவிட்டா வருஷக் கணக்கு இல்லம்மா. மாசக் கணக்குதான்."

"ஊருக்கெல்லாம் அரிக்கே டாக்டர், அது இதனாலதானா?"

வேறொரு டாக்டராக இருந்தால் சிரித்திருப்பார். ஜெபசீலன், பசிக்கிறதா தூக்கம் வருகிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். "எதுவரைக்கும் அரிக்குது?"

"மில் தெரு முழுக்க. வடக்குத் தெருவுல பாதி."

"அதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"கால்வாய். அதுக்கு அந்தப் பக்கம் கீழக்கரை. கீழக்கரையில யாருக்கும் கெடையாது."

"நல்லது. அதைப் பார்த்துக்கிட்டே இருங்க. கடுகைவிடச் சின்னதா இருக்கிறது ஸ்கேன்ல தெரியாது, உங்க ஊர்ல தெரிஞ்சுடும். கால்வாய்க்கு இந்தப் பக்கம்னா நான் தைரியமா திறப்பேன். அந்தப் பக்கம் ஒண்ணு ரெண்டு வீடுன்னாலும் திறப்பேன். அடுத்த ஊருக்குப் போயிடுச்சுன்னா திறக்க மாட்டேன். அறுத்த வலியோடதான் அவர் போவார், அதுக்கு நான் கை வைக்கக் கூடாது."

அடைப்புக்குள் ஒரு சின்னக் குழாயைச் செருகிப் பித்தத்துக்கு வழி செய்துவிட்டார்கள். மஞ்சள் இறங்கட்டும், ஆவணி கடைசியில் ஆப்பரேஷன் என்று அனுப்பிவைத்தார்கள். பால்வண்ணனுக்கு அரிப்பு அன்றைக்கே நின்றது, ஊருக்கு வந்து குறட்டை விட்டுத் தூங்கினார். ஆனால் ஊருக்கு நிற்கவில்லை. எங்கே அரிக்கும் என்று இப்போது அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை, அவர் பாட்டுக்குச் சாய்வு நாற்காலியில் சுகமாகக் கண்ணயர்ந்திருக்க, அவர் உடம்பிலிருந்து கழன்று வந்த அரிப்பு தன் இஷ்டத்துக்குத் தெருவில் திரிந்தது.

சும்மா சொல்லக்கூடாது, மருதங்கால்காரர்கள் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டார்கள். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளைக்கு அரித்துவிட்டால் கை நழுவுமே என்று மாப்பிள்ளைக்குச் சொறிந்துவிட ஒரு மச்சினனைப் பக்கத்தில் நிறுத்தினார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போது பிள்ளைகள் ஒருத்தன் முதுகை ஒருத்தன் சொறிந்துகொண்டே சொன்னார்கள், டீக்கடையில் கண்ணாடி கிளாசுக்குப் பக்கத்தில் தென்னை ஈர்க்குக் கட்டு ஒன்று கிடந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம், வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த அண்ணன் தம்பிகள்கூட நடுமுதுகு எட்டாத காரணத்தால் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

டாக்டர் சொன்னதை ஆவுடையம்மாள் முப்புடாதியிடம் மட்டும்தான் சொன்னாள். முப்புடாதி சத்தியமாக ஒருத்தரிடம் மட்டும்தான் சொன்னாள். மத்தியானச் சோற்றுக்குள் இரண்டு கரைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது: அரிப்பு கால்வாய் தாண்டக் கூடாது, தாண்டி அடுத்த ஊருக்குப் போனால் பால்வண்ணன் பிழைக்க மாட்டார்.

அன்றிலிருந்து ஆவுடையம்மாளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் விடியாததுமாகப் பாலத்தைத் தாண்டிக் கீழக்கரைக்குப் போனாள், வாசல் தெளிக்கிறவர்கள், பல் தேய்க்கிறவர்கள், மாட்டைப் பிடித்துக் கட்டுகிறவர்கள் என்று ஒருத்தர் விடாமல் நின்று, "அரிக்கா? உள்ளதைச் சொல்லுங்க, அரிக்கா?" என்று கேட்டாள், அவர்கள் "சேச்சே, எங்களுக்கு என்னத்துக்கு அரிக்கி" என்றார்கள், அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து உலையை வைத்தால் அரிசி வேகும்வரை பொறுக்காது, பத்து மணிக்கு ஒரு நடை, உச்சிப்பொழுதில் ஒரு நடை, பொழுது சாயும்போது ஒரு நடை. நடக்கும்போதே சொறிந்தாள், சொறிந்துகொண்டே நடந்தாள், அவள் கைக்கும் காலுக்கும் ஓய்வு என்பதே இல்லாமல் போயிற்று. பால்வண்ணன் நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்து, "செத்த உக்காரேம்ளா, பாக்க எனக்குத் தலையச் சுத்துது" என்பார்.

"கீழக்கரையில ஒருத்தருக்கும் இல்லையாம்," என்பாள் அவள்.

"அதாம் எனக்குத் தெரியுமே," என்று அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. ஆவணி வெயிலில் கீழக்கரை ஆண்கள் ஏன் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. அவள் வருகிறபோதெல்லாம் பெண்கள் இரண்டு கையாலும் குடத்தையோ முறத்தையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டே ஏன் பேசுகிறார்கள், அவள் தெரு முனை திரும்பியதும் பின்னால் மணலைச் சலிப்பதுபோல ஒரு சத்தம் ஏன் கேட்கிறது என்றெல்லாம் யோசித்திருக்கலாம். யோசிக்க மனசுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நம்பினால் தேவலை என்று இருக்கிறபோது யார்தான் தோண்டித் துருவிப் பார்ப்பார்கள்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் காலையிலேயே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணியும் பிளாஸ்க்கும் எடுக்க ஊருக்கு வந்தாள். திரும்பிப் போகும்போது துணைக்கு முப்புடாதி கிளம்பினாள். மத்தியான பஸ்ஸில் ஜன்னலோரம் ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள். இத்தனை நாள் டாக்டரிடம் போகும்போதும் வரும்போதும் பக்கத்தில் அவர் இருந்தார், அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போவாள், வெளியே பார்த்ததே இல்லை. காலையில் தனியாக வந்தபோது அசதியில் தூங்கிப்போயிருந்தாள், இப்போதுதான் பார்த்தாள். கீழக்கரை தாண்டியதும் ரோட்டோர வேப்பமரங்களில் ஆள் உயரத்துக்கு ஒரு இலை இல்லை. மேலே பச்சைக் குடையாக நிற்கிறது, கீழே கை எட்டுகிற வரைக்கும் வழித்துவிட்டாற்போல மொட்டைக் கொப்பு. அரிப்புக்கு வேப்பிலையை வெந்நீரில் போட்டுக் குளிப்பது மில் தெருவில் எல்லாரும் செய்கிற காரியம், அவள் வீட்டு வாசல் மரமும் இப்படித்தான் நிற்கிறது. சாத்தனேரி வந்தது, சாத்தனேரியிலும் மொட்டை. ஊத்துப்பாறை வந்தது, ஊத்துப்பாறையில் ஏணி போட்டுப் பறித்திருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பனைமரத்தின் அடிமரம் முதுகு உயரத்துக்கு மழமழவென்று தேய்ந்து மினுங்கியது.

ஆவுடையம்மாள் பக்கத்தில் திரும்பி, முப்புடாதியின் முழுக்கை ரவிக்கையை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளினாள். முழங்கை வரைக்கும் நகம் கீறிக் கீறி ரத்தம் உறைந்து கிடந்தது.

"எத்தனை நாளாட்டி?"

முப்புடாதி வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க டாக்டரைப் பாத்துட்டு வந்த மக்கா நாளே தாண்டிட்டு மைனி. என்னையப் பேசாதீங்க. ஊருல யாரையும் பேசாதீங்க. அண்ணாச்சிதான் வீடு வீடா வந்து கேட்டுக்கிட்டாக. நீங்க தண்ணிக்குப் போற நேரமாப் பாத்து, கம்பை ஊனிக்கிட்டு வந்து, ஆவுடைட்ட மட்டும் சொல்லிராதிய, அவ டாக்டர்ட்ட சொல்லிருவா, டாக்டர் அறுக்க மாட்டேன்னுருவாருன்னு எங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுதாக. சாத்தனேரிக்கும் ஊத்துப்பாறைக்கும் ஆள் விட்டுச் சொல்லச் சொன்னாக. எப்படி மைனி மாட்டேன்னு சொல்ல?"

ஆவுடையம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மொட்டை மரங்கள் எந்த ஊரில் முடிகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தாள், நயினார்விலக்கு வரைக்கும் அவை முடியவில்லை.

வார்டில் பால்வண்ணன் வயிற்றுமுடி மழித்து, பச்சைத்துணி கட்டி, நாளைக்குக் கல்யாணம் என்பது போல உற்சாகமாகப் படுத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்புடாதி நைசாக வெளியே நழுவினாள்.

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

"டாக்டர் உன்னை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனாருல்லா, நான் கதவுக்குப் பின்னால வந்து நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பத்துல நாலு பேருன்னாரு. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன், அந்த நாலுல நான் ஒருத்தனா இருக்கக் கூடாதா ஆவுடை?"

"இருக்கக் கூடாதுன்னு நானா சொல்லுதேன்? அந்த நாலு பேரும் கால்வாய்க்கு இந்தப் பக்கத்துக்காரங்கல்லா."

"நானும் இந்தப் பக்கம்தான். ஊரு வாயால ஒருத்தராவது தாண்டிட்டுன்னு சொன்னாங்களா? இத்தனை பேரு சேந்து இல்லை இல்லைன்னு சொன்னா அது இல்லாமப் போயிரும்னு நெனச்சேன். பேசாம இரு. நாளைக்குக் காலைல அறுத்துருவாரு. எடுத்துப் போட்டுட்டா தீந்துச்சு. கால்வாய் தாண்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். என் தங்கம்லா."

கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவர் அவளிடம் இப்படி எதையுமே கெஞ்சிக் கேட்டதில்லை. கேட்டதைக் கொடுத்துவிடலாமே என்று அவளுக்கு இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. நாளைக்கு இந்நேரம் அவர் வயிற்றில் இத்தனை நீளத்துக்குத் தையலோடு கிடப்பார், நம்பிக்கையோடு கிடப்பார், நம்பிக்கையோடு கிடந்து அந்தத் தையல் ஆறுவதற்குள் செத்துப்போவார். அவளுக்கு அவர்மேல் கோபமாக வந்தது, ஊர்மேல் கோபமாக வந்தது, எல்லாவற்றையும்விட அவர்மேல் ஆசையாக இருந்தது.

டாக்டர் ஜெபசீலன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "நாளைக்கு முதல் கேஸ் நீங்கதான். அம்மா, ஊர்ல எதுவரைக்கும் இருக்கு?"

பால்வண்ணன் அவளையே பார்த்தார்.

"நயினார்விலக்கு வரைக்கும் வேப்பமரமெல்லாம் மொட்டையா நிக்கி டாக்டர்," என்றாள் ஆவுடையம்மாள். "அதுக்கு அங்கிட்டும் நிக்கும். நான் பாக்கலை."

டாக்டர் துண்டைக் கீழே வைத்தார். வழக்கம்போல அவளை வெளியே கூப்பிடாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகவே பேசினார். திறக்க வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பிடித்ததைச் சாப்பிட்டுப் பிடித்தவர்களோடு இருங்கள், வலி வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, தைப் பொங்கலைப் பார்த்துவிடலாம், மாசி என்னால் சொல்ல முடியாது. பால்வண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊருக்கு வருகிற வழி முழுக்க வேனில் அவளோடு ஒரு பேச்சுப் பேசவில்லை, தண்ணீர் கொடுத்தபோது பிளாஸ்க் மூடியைத் தட்டிவிட்டார், தண்ணீர் அவள் மடியில் கொட்டியது.

பாலத்தில் ஊரே நின்றிருந்தது. இரண்டு கரைக்காரர்களும், சாத்தனேரியிலிருந்தும் ஊத்துப்பாறையிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களும், கழுத்துவரைப் பொத்தான் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விறைத்துப்போய் நின்றார்கள். வேன் வருகிறது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்கள், ஆப்பரேஷன் செய்யாமல் இவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் யாரும் சொறியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள், அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் ஓடியது. வேன் ஜன்னலுக்குப் பக்கத்தில் கீழக்கரைப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தையின் இரண்டு கையிலும் பழந்துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. அது சொறிய முடியாமல் தன் தலையைத் தாயின் தோளில் முட்டி முட்டி உரசிக்கொண்டிருந்தது.

பால்வண்ணன் அதைப் பார்த்தார்.

"அடப் பாவிகளா, பச்சப்புள்ளையையுமா கட்டிப் போட்டிருக்கீங்க?" என்று சொன்னவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "அவுத்துவுடுங்க. தாண்டிட்டுன்னு சொல்லியாச்சு. எல்லாரும் சொறிங்கப்பா. சொறிங்க."

பாலத்தின்மேல் முதலில் ஒரு கை அசைந்தது, பிறகு எல்லாக் கைகளும். அந்தச் சத்தம் பாலத்திலிருந்து கீழக்கரைக்குப் போயிற்று, கீழக்கரையிலிருந்து வயலில் நின்றவர்களுக்குப் போயிற்று, அவர்களிடமிருந்து சாத்தனேரிக்குப் போயிற்று, வெகுநேரம் அது போய்க்கொண்டே இருந்தது, அடக்கிவைத்திருந்தவர்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொறிந்தார்கள். பால்வண்ணன் வேனிலிருந்து இறங்கி, அந்தக் குழந்தையின் முதுகில் தன் நகத்தால் மெல்லச் சொறிந்துவிட்டார். அது ஒரு கொட்டாவி விட்டது, அங்கேயே தூங்கிப்போனது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்கு அரிக்கவே இல்லை.

அவர் கை பட்டால் தீர்கிறது என்று தெரிந்த பிறகு மில் வாசலில் வரிசை நின்றது. முதலில் தூரத்து ஊர்க்காரர்கள் என்றார் அவர், பஸ் பிடித்துத் திரும்பிப் போக வேண்டுமே. ஆண்களுக்கு முதுகு, பெண்களுக்கு உள்ளங்கை. ஒரு கீறு, இரண்டு கீறு, போதும், அடுத்த ஆள். நயினார்விலக்கும் அதற்கு அங்கிட்டும் உள்ளவர்கள் ஐப்பசியில் வந்து போனார்கள், ஊத்துப்பாறை கார்த்திகை மழையில் குடையோடு வந்து போயிற்று, சாத்தனேரிக்காரர்கள் மார்கழியில். கை சோர்ந்தால் ஆவுடையம்மாள் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எப்போது அவளோடு பேச ஆரம்பித்தார் என்று அவளுக்கே நினைவில்லை. ஒருநாள், "கொஞ்சம் மேல தூக்கிப் புடி" என்றார், அவ்வளவுதான்.

அவள் மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள், ஊத்துப்பாறை வேப்பமரங்களில் தாழ்ந்த கொப்புகளில் தளிர் விட்டிருந்தது. அடுத்து சாத்தனேரியில் தளிர். தை பிறந்தபோது கீழக்கரைப் பெண்கள் அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு பொங்கப்பானையை இறக்கினார்கள். உள்ளதை உள்ளபடி டாக்டரிடம் சொன்னவள்தான் அவள், அவளுக்கே அப்போது புத்தி பேதலித்துப் போயிற்று. டாக்டருக்கு போன் போட்டாள்.

"கால்வாய்க்கு இந்தப் பக்கம் வந்துட்டு டாக்டர். நானே வீடு வீடாப் போயிப் பாத்துட்டேன். யாரும் பொய் சொல்லலை. இப்ப தெறக்கலாம்லா?"

டாக்டர் கேட்டார். "என்ன சாப்பிடறார்?"

"கஞ்சித்தண்ணி."

"நடக்கறாரா?"

"நாற்காலியிலதான். கை நல்லா வேலை செய்யுது டாக்டர். வடக்குத் தெருவையும் முடிச்சுட்டாக."

"அம்மா," என்றார் டாக்டர். பிறகு, வலி மருந்தை நேரத்துக்குக் கொடுக்கிறாளா என்று கேட்டார்.

மாசி பிறந்தது. டாக்டரால் சொல்ல முடியாத மாசி. மில் தெரு ஆட்களுக்கு அவரால் ஒரு நாளைக்கு ஒருத்தருக்குமேல் முடியவில்லை, அப்புறம் அவர்களாகவே வந்து அவர் விரலை எடுத்துத் தங்கள் முதுகில் வைத்து உரசிக்கொண்டு போனார்கள். ஒருநாள் காலையில் ஆவுடையம்மாள் கண் விழித்தாள், உடம்பில் எங்கேயும் ஒன்றும் இல்லை. ராத்திரி தூக்கத்தில் அவர் கை அவள் உள்ளங்கையில் கிடந்திருக்கிறது. எழுந்து எதிர்வீட்டைக் கேட்டாள், இல்லை என்றார்கள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெருக்கோடி வரை போனாள். டீக்கடையில் ஈர்க்குக் கட்டு சீந்துவாரில்லாமல் கிடந்தது. மருதங்காலில் ஒரு கையும் அசையவில்லை, ஊர் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. அவள் தெரு என்றும் பாராமல் முந்தானை சரிய ஓடி வந்தாள்.

"ஒருத்தருக்கும் இல்லை! கேட்டீங்களா? ஒரு வீட்டுலகூட இல்லை. எல்லாம் போயிட்டு. மொத நிலைக்கும் கீழ போயிட்டு!"

பால்வண்ணன் கண் திறந்தார். மஞ்சள் மறுபடியும் அவர் கண்ணில் நிறைந்திருந்தது.

"எனக்கு அரிக்குது ஆவுடை," என்றார் மெதுவாக. "எல்லாருதும் சேந்து அரிக்குது. நடு முதுகுல. எட்ட மாட்டேங்கி."

அவளுக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கியது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவரை ஒருக்களித்துத் தன் மடியில் சாய்த்துச் சட்டையை விலக்கி, நடுமுதுகில் நகத்தை வைத்தாள். "இங்கயா?" என்றாள். "இன்னும் கீழ" என்றார். "இங்கயா?" என்றாள். "ஆங்," என்று மூச்சு விட்டார், அது ரொம்ப நாளாகக் காத்திருந்த சுகத்தில் விடுகிற மூச்சாக இருந்தது. அவள் சொறிந்தாள். வாசலில் வெயில் ஏறியது, முப்புடாதி வந்து நிலையில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள், தெரு ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்து முற்றத்தில் நின்றார்கள். "மைனி," என்றாள் முப்புடாதி. ஆவுடையம்மாள் திரும்பவில்லை. போதும் என்று அவர் சொல்லவில்லை, அதனால் அவள் சொறிந்துகொண்டே இருந்தாள்.